முகையூர் ஹால்ட் யாருக்கு?

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களை யாரும் முழுசாக நம்புவதில்லை, நாங்களே ஒருவரையொருவர் நம்புவதில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் விழுப்புரத்திலிருந்து தினமும் திண்டிவனம் போய், ஒரு தனியார் பஸ் கம்பெனியில் இந்த வேலையைப் பார்த்தவள் நான். அதே பாவத்தைச் செய்தவர்கள் இதைப் படித்தால், தலையாட்டிவிட்டு மேலே போங்கள்.

யார் வாங்கிய மெஷின்

நாளைக்கு எந்த டிரைவருக்கு எந்த வண்டி என்று மேனேஜர் தணிகாசலம் கையால் எழுதிக்கொண்டிருந்த வரை, வேண்டியவனுக்கு நல்ல ரூட்டு போடுகிறார் என்று தினம் ஒரு சண்டை. அது ஓயட்டும் என்றுதான் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். சண்டை ஓயவில்லை, என் அறைக்கு இடம் மாறியது.

எல்லாருக்கும் வேப்பங்காயாகக் கசந்தது முகையூர் ஹால்ட். கடைசி டிரிப் அடித்து, வண்டியிலேயே கொசுக்கடியில் படுத்து, விடிந்ததும் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அது அடிக்கடி விழுந்தது டிரைவர் ஏழுமலைக்கு. அவர் மனைவி மாசமாக இருந்தாள், ராத்திரியில் துணைக்கு வேறு ஆள் கிடையாது. கம்ப்யூட்டருக்கு ஆள் பார்த்துப் போடத் தெரியாது அண்ணா என்றேன். மெஷினை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "இத்த வாங்கியாந்தது முதலாளிதானே மேடம், அப்பறம் அது யார் பேச்சைக் கேக்கும்?"

பாஸ்கர் போட்ட முடிச்சு

அந்தப் புரோகிராமை எழுதியது எனக்கு முன்னால் இருந்த பாஸ்கர். பம்பாயில் வேலை கிடைத்துப் போய்விட்டார். உள்ளே பார்த்தால் டிரைவருக்குப் பெயர் எக்ஸ், வண்டிக்கு எக்ஸ் ஒன்று, ஊருக்கு ஜி. நூறாவது வரி ‘தொள்ளாயிரத்துக்குப் போ’ என்று துரத்தும், அங்கே போனால் ‘இருநூறுக்கு வா’ என்று கூப்பிடும். வேண்டாதது என்று ஒரு வரியை எடுத்தேன். மறுநாள் காலை செஞ்சி வண்டிக்கு டிரைவரே இல்லை. தெரியாத்தனமாக இப்படி எழுத முடியாது, வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவரை விழுப்புரம் ஜங்ஷனில் பிடித்து நேராகவே கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "எல்லாருக்கும் புரிஞ்சிட்டா, அப்பறம் நம்பள எதுக்கு வெச்சிருப்பாங்க?"

இதுக்கா காலேஜ்

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுவதையும் புதிதாக எழுதினேன். டிரைவருக்கு டிரைவர், வண்டிக்கு வண்டி என்றே பெயர். ஒரு வேலைக்கு ஒரு இடம், குறுக்கே தாவல் கிடையாது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே அது என்ன செய்கிறது என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழிலேயே எழுதினேன், எனக்குப் பின்னால் வருகிறவர் என்னைத் திட்டக் கூடாதே என்று.

தணிகாசலம் சார் பிரிண்ட் எடுத்த தாளை விரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கடைசி வரை படித்தார். முகத்தில் சந்தோஷமே இல்லை. "இன்னாம்மா இது, எனக்கே புரியுதே, இதுக்கா காலேஜ்ல போய்ப் படிச்சிக்கினு வந்த?"

முதலாளியின் மச்சினன்

பாஸ்கரின் முடிச்சை அவிழ்க்கும்போதே ஒன்று அகப்பட்டிருந்தது. டிரைவர் மாணிக்கம் முதலாளியின் மச்சினன். அவர் முறை வரும்போதெல்லாம் ஹால்ட் அவரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போகும்படி ஒரு வரி. அடுத்த பெயர் ஏழுமலை. அந்த மனுஷன் சந்தேகப்பட்டது அத்தனையும் நிஜம்! நான்தான் வக்கீல் மாதிரி மெஷினுக்குப் பரிந்து பேசியிருந்தேன்.

எடுத்துவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். கூடாது என்றார். சரி என்று, மற்றவற்றுக்குச் செய்தது போலவே அதற்கும் மேலே எழுதிவைத்திருந்தேன்: ‘மாணிக்கம் முதலாளியின் மச்சினன், ஹால்ட் கிடையாது, அவர் முறையையும் ஏழுமலைக்கே போடு.’ மேனேஜர் படித்த அதே தாள் மறுநாள் முதலாளி கைக்கு வந்தது. அந்த வரி வரைக்கும் படித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இந்த ஒரு எடத்துல மட்டும் அந்தப் பாஸ்கரு மாதிரி எழுதிக் குடும்மா."

ஷெட்டில் நடந்தது

அப்படி எழுத எனக்கு வராது என்று சொல்லிவிட்டேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். முதலாளி மேனேஜரைக் கூப்பிட்டு, இந்தத் தாளை வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். தணிகாசலம் சாருக்கோ, தனக்கும் கம்ப்யூட்டர் படிக்க வந்துவிட்டதே என்ற பெருமை அதற்குள் தலைக்கேறியிருந்தது. "நேத்தே ஷெட்டுல எல்லாரையும் ஒக்கார வெச்சி, ஆரம்பத்துலேர்ந்து சத்தமா படிச்சிக் காட்டிட்டேன் சார்!"

ஏழுமலைக்கு இன்னும் தீரவில்லை

அன்று சாயந்திரமே அந்த வரி போயிற்று. மாணிக்கம் முணுமுணுத்துக்கொண்டே முகையூர் போனார். ஏழுமலைக்குத் தன் முறைக்கு மட்டும்தான் ஹால்ட். மனைவிக்கு வலி கண்ட ராத்திரி அவர் வீட்டில் இருந்தார், பெண் குழந்தை. பிறகு பொம்மையார்பாளையத்துக்குப் புது வண்டி விட்டபோது நான் லீவில் இருந்தேன், தணிகாசலம் சாரே தாளைப் பார்த்துப் பார்த்து அதைச் சேர்த்துவிட்டார். கல்யாணமாகி நான் வேலையை விட்ட பிறகும் அது ஓடிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

அதற்கெல்லாம் முன்பு, குழந்தை பிறந்ததற்குச் சாக்லேட் கொடுக்க ஏழுமலை என் அறைக்கு வந்தார். கொடுத்தார், சிரித்தார், போகாமல் நின்றார். கண் மட்டும் மெஷின் மேலேயே இருந்தது. "சந்தோஷந்தான் மேடம், ஆனா ஹால்ட்டே ரொம்ப நாளா வர்லியே, உள்ளார வேற இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

புரியாமல் எழுதினால் எதையோ மறைத்தாள் என்பார்கள், புரியும்படி எழுதினால் இன்னும் எதையோ மறைத்திருக்கிறாள் என்பார்கள், ஆனால் இரண்டாவது ரகத்தில் நமக்குத் தூக்கமாவது வருகிறது.