கிருமிக்கும் இனிஷியல் உண்டு

போன வாரம் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். நான் வழக்கமாக டீ குடிக்கும் செல்வியின் கடை பூட்டிக் கிடந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வாந்தி பேதியாம். கடைத் தண்ணீர்தான் காரணம் என்று கோவிந்தன் சொன்னாராம்.

எந்தக் கோவிந்தன்? அந்த ஊரில் நாலு கோவிந்தன். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்.

"என் வூட்டுப் பக்கம்கூட யாரும் வர்றதில்ல சார்" என்றார் செல்வி.

பரிதாபமாக இருந்தது. ஆனால்... முதல் சோதனையில் நோயாளிகளிடம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. கடையின் தண்ணீர் டிரம்மிலும் அதே ஈ.கோலை. வேறென்ன வேண்டும்? நான் வயிற்றைத் தடவிக்கொண்டேன்.

இன்னும் நுணுக்கமாகச் சோதிக்க மாதிரிகளைக் கொண்டுபோன ஆராய்ச்சி மாணவி நித்யா அன்று முடிவோடு வந்தார். பூட்டிய கடை முன்னால் கூடினோம்.

"ஈ.கோலைங்கறது வெறும் பேருங்க. அதுக்குள்ள ஏகப்பட்ட குடும்பம். மரபணுவை எழுத்து எழுத்தா கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டுப் பார்த்தோம். நோயாளிங்ககிட்ட இருந்ததும், ஊர்த் தண்ணித் தொட்டியில இருந்ததும் கிட்டத்தட்ட ஒண்ணு. டிரம்ல இருந்தது தூரத்துச் சொந்தம். பேதி உண்டாக்குற மரபணுவும் அதுல இல்ல."

"இன்னா, பேரு ஒண்ணு... இனிஷியல் வேறயா?" என்றார் செல்வி.

"அதேதாங்க. ஆனா டிரம்மையும் நல்லா கழுவிடுங்க."

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. மலையடிவாரத்தில் இருக்கும் படவேட்டுக்கு வழி கேட்டால் கரும்புத் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என் போன். கம்ப்யூட்டரை எப்படி நம்புவது? நித்யாவிடமே கேட்டேன்.

"நம்பாதீங்க சார். நாங்களே ஒரு புரோகிராமை மட்டும் நம்பறதில்ல. வேற வேற புரோகிராம்ல போட்டோம். எல்லாம் அதையேதான் சொல்லுது."

ஒரு கோவிந்தன் முணுமுணுத்தார். "டீ வாங்கிக் குடுத்து சொல்ல வெச்சிருப்பா."

"கடையே பூட்டிக் கெடக்கு. டீ எங்கேர்ந்து வரும்?" என்றார் செல்வி.

கிருமியைக்கூட எழுத்தெழுத்தாக விசாரித்துவிட்டுத்தான் குற்றம் சொல்கிறார்கள். மனுஷிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் தொட்டியைக் கழுவத் தொடங்கினார்கள். செல்வி கடை திறந்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு கோவிந்தன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒரு டீ குடும்மா."

செல்வி கிளாஸை எடுக்கவில்லை.

"இனிஷியல் இன்னாங்க?"

அடுத்தது நான். கேட்பதற்கு முன்பே என் முழுப் பெயரையும் சொல்லிவிட்டேன்!