பச்சைக்குக் கீழே நீலம்

அந்தக் காரின் ஊதியை, எங்கள் பேச்சில் "கோனை", அழுத்தினால் முதலில் சத்தம் வராது. பின்பக்கத்தில் எங்கோ ஒரு சின்ன விளக்கு, தூக்கத்தில் கண்ணைத் திறந்து பார்ப்பதுபோல, இலேசாகச் சிவந்து அடங்கும். அதற்குப் பிறகுதான் முன்னாலிருந்து தொண்டை கட்டிய குரலில் ஒரு முனகல் வரும். பிரேக்கை மிதித்தால் வலப்பக்கச் சிக்னல் மினுங்கும். சிக்னலைப் போட்டால் இலக்கத் தகட்டுக்கு மேலிருந்த விளக்கு விட்டுவிட்டு எரியும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றுமே எரியாது. ஒரு காரியத்தைக் கேட்டால் வேறொன்றைச் செய்கிற அந்தக் காரைப்போல எனக்குப் பிடித்த பொருள் அப்போது திருகோணமலையில் வேறு எதுவும் இருக்கவில்லை.

கூரையில்லாத, இரண்டே பேர் இருக்கக்கூடிய, தரையோடு தரையாக ஓடுகிற பழைய பந்தயக் கார் அது. கடற்படைத் தளத்திலிருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊர் திரும்பும்போது அப்பப்பாவிடம் விட்டுப்போனாராம். எங்கள் ஒழுங்கையில் அதற்கு "மொட்டைக் கார்" என்று பெயர். அப்பா இளந்தாரியாக இருந்த காலத்தில் பின்னேரங்களில் அதை நிலாவெளிப் பக்கம் ஓட்டிப்போவார் என்றும், கடற்கரை வீதியில் தலைமுடி பறக்க அவர் போவதைப் பார்த்துத்தான் அம்மா மயங்கினார் என்றும் மாமா சொல்வார். "உன்ர அம்மா அப்பாவைக் கட்டேல்லை பிள்ளை, காரைத்தான் கட்டினவ" என்று அம்மாவின் காதில் விழும்படியாகவே சொல்வார். அம்மா குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடி எதையாவது சத்தமாக வைப்பார்.

மாமா அம்மாவின் தம்பி. கரையில் சொந்தமாக வள்ளம் வைத்திருந்தவர். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனபோது எனக்கு நடக்கத் தெரியாது. ஏன் கொண்டுபோனார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்று யாரும் எனக்கு விளக்கியதில்லை. "உள்ளுக்கு" என்ற ஒரே சொல்தான் வீட்டில் புழங்கியது. உள்ளுக்கு என்றால் ஒரு பெரிய அலுமாரிக்குள் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இல்லாத வருடங்களில் காரைக் காப்பாற்றியது மாமாதான். மூன்று பக்கமும் கடல் உள்ள ஊர். வாடைக்காற்று தொடங்கினால் கதவுக் கொண்டி முதல் கரண்டி வரை எல்லாவற்றிலும் உப்புப் பூக்கும். விடியற்காலையில் கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கள் வளவுக்குள் வந்து, தகரக் கொட்டிலுக்குள் நின்ற காரை நக்கிக்கொண்டு நிற்பதை நான் படுக்கையிலிருந்தே பார்த்திருக்கிறேன். மாமாவுக்கு மான்களையும் பிடிக்காது, உப்பையும் பிடிக்காது. வாடை ஓய்ந்து வள்ளத்துக்குப் பெயின்ற் அடிக்கிற நாட்களில், மிஞ்சிய பெயின்ற் வாளியோடு நேரே காரிடம் வந்துவிடுவார். வள்ளத்துக்கு என்ன நிறமோ அந்த வருடம் காருக்கும் அதே நிறம்.

அவர் அடிக்கிற விதமும் வள்ளக்காரரின் விதந்தான். வள்ளத்தில் ஓர் ஆணித்தலைகூட வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் உப்பு அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடும் என்பது கரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆகையால் மாமா விளக்குகளைக் கழற்றி, கீழே அடித்து, திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பெயின்றில் தோய்த்து, காயவிட்டு, மறுபடி பூட்டுவார். "அத்தான் வரேக்க கார் இருக்கோணும்" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து விளக்கம் வராது.

சமாதானக் காலம் வந்தது. வீதிகளில் தடைகள் ஒவ்வொன்றாக விலகின. ஒரு நாள் மத்தியானம் மெலிந்த ஒருவர் பையொன்றோடு படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். "அப்பா" என்ற ஒற்றைச் சொல்லை நான் ஒரு புகைப்படத்தைப் பார்த்து எத்தனையோ தரம் சொல்லிப் பழகியிருந்தேன். ஆளை நேரே கண்டதும் அது தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கதிரையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கேட்டால் "ஓம்" என்பார். இல்லாதபோது வீட்டை நிறைத்திருந்த மனிதர், வந்தபிறகு ஒரு மூலைக்குள் அடங்கிப்போனது எனக்கு விளங்கவே இல்லை. எனக்கு அவரில் கோபமும் இருந்தது.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிய நாட்களில்தான் அவர் எழுந்து கொட்டில் பக்கம் போனார். கார் பளபளவென்று பச்சையாக நின்றது. முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றியதும் எஞ்சின் உறுமியது. மாமா ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். விளக்குகள்தான் பைத்தியம் பிடித்தவைபோல நடந்துகொண்டன. விளக்கு ஒழுங்காக எரியாத வாகனத்தைச் சோதனைச் சாவடிப் பக்கம் கொண்டுபோகிற துணிவு அந்த நாட்களில் ஊரில் எவருக்கும் இருக்கவில்லை. அப்பாவுக்கோ இன்னும் அதிகமான காரணம் இருந்தது. ஆகவே அவர் பிழையைத் தேடத் தொடங்கினார்.

பிழை தேட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் வயரைத் தொட்டுப் பார்க்க, மற்றவர் பின்னால் நின்று விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாமா கடலுக்குப் போய்விடுவார், அம்மாவுக்குக் குசினி, மிஞ்சியது நான். "பிள்ளை, எரியுதா?" என்று முன்னாலிருந்து குரல் வரும். "எரியேல்லை" என்பேன். "இப்ப?" "எரியேல்லை." "இப்ப?" "கொஞ்சம். அணைஞ்சு போட்டுது." பிறகு நான் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பேன், கால் எட்டாமல் இருக்கையின் நுனிக்கு வழுக்கி வருவேன். "அமத்து. விடு. அமத்து." முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச இருவருக்கும் கூச்சமாயிருந்த நாட்களில், காரின் முழு நீளத்தையும் நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் காலையிலிருந்து வெயில் ஏறும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கதையின் இனிமையை இப்போது எழுதிக் காட்ட ஏலாது. கொட்டிலின் தகரம் சூட்டில் முறியும். பெயின்ற் வெயிலில் இளகி மணக்கும். உட்துறைமுகத்தில் ஏதாவது கப்பல் ஊதினால் அப்பா எங்கள் கோனை ஒருதரம் அழுத்தி அதற்குப் பதில் சொல்வார், அது முனகும், அவர் வாய்க்குள் சிரிப்பது காருக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரிந்துவிடும். வேலை நடந்துகொண்டேயிருந்தது. பல்புகளை மாற்றினார், பற்றரியைக் கடையில் கொடுத்து நிரப்பினார், எலி கடித்த வயர் எங்கேயாவது இருக்குமோ என்று விரலால் தடவிக்கொண்டே போனார். பிழை என்றால் உப்பும் துருவுமாகத்தான் இருக்கும் என்று தேடினார். அந்தக் காரில் துரு பேருக்கும் இல்லை. "எல்லாம் புதுசு மாதிரி இருக்குது, பிறகென்ன?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

எனக்கு ஒரு பயம் பிடித்தது. பிழை கிடைத்துவிட்டால் இந்தக் கதை முடிந்துவிடும். அவர் மறுபடி கதிரைக்குப் போய் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவார், யாரிடமும் "எரியுதா?" என்று கேட்க வேண்டிய தேவை இராது. ஊரெல்லாம் பிள்ளையாரிடம் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் எங்கள் காரின் பிழை கிடைக்கவே கூடாது என்று கும்பிட்டேன்.

பிள்ளையார் கேட்கவில்லை. ஒரு பின்னேரம் அப்பா விளக்குச் சுவிச்சைப் போட்டுவிட்டு நீண்ட வயர் ஒன்றை எடுத்தார். ஒரு நுனியைப் பின்விளக்கின் பித்தளை உடம்பில் சுற்றிவிட்டு, மறுநுனியை முன்னால் கொண்டுபோய்ப் பற்றரியின் முனையில் தொட்டார். என் முகத்துக்கு முன்னால் விளக்கு பற்றிக்கொண்டது. அப்படியொரு சிவப்பை நான் அதுவரை கண்டதில்லை; என் கைகள், கொட்டிலின் தகரம், வேம்பின் அடிமரம் எல்லாம் சிவந்தன. "எரியுதா?" என்றார். "பிள்ளை, எரியுதா?" அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. பதில் வராததைக் கண்டு அவரே எழுந்து வந்து பார்த்தார்.

கடலால் வந்திருந்த மாமாவும் அங்கே நின்றார். அப்பா விளக்கின் திருகாணியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். விளக்குக்குப் போகிற மின்சாரத்துக்கு மட்டும்தான் வயர் உண்டாம். அது பற்றரிக்குத் திரும்பி வருவது காரின் இரும்பு உடம்பு வழியாகவாம். விளக்கும் இரும்பும் ஒன்றையொன்று தொட வேண்டும். அவற்றுக்கு நடுவே பெயின்ற் இருந்தால், வெளிக்கிட்ட "கரண்ட்" திரும்ப வழியில்லாமல் மற்ற விளக்குகளுக்குள் நுழைந்து அலைகிறது.

மாமாவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. கையிலிருந்த மீன்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான்தான் காரைச் சாகடிச்சிருக்கிறன், அத்தான்."

அப்பா விளக்கு பூட்டுகிற இடத்தில் பேனைக்கத்தியால் பெயின்றைச் சுரண்டத் தொடங்கினார். அது இலேசில் போகவில்லை, வருடக்கணக்கான தடிப்பு. பச்சை உதிர்ந்தது, கீழே நீலம் தெரிந்தது. நீலத்துக்குக் கீழே மஞ்சள். கத்தி நின்றுவிட்டது. குந்தியிருந்தவர் அப்படியே அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இந்தப் பச்சை எப்பத்தையது?"

"இந்த முறை அடிச்சது, அத்தான். நீங்கள் வர முதல்."

"நீலம்?"

மாமா யோசித்தார். எனக்குத் தெரியும், அந்த நீலம் என் வெள்ளைச் சட்டையில் பட்டு அம்மா எனக்குப் பூசை போட்டது மறக்கக்கூடியதா? "நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின வருசம், அப்பா" என்றேன். அவரைப் பார்த்து அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல்தடவை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மஞ்சள்?"

"எனக்கு உடம்பெல்லாம் கொப்புளிப்பான் போட்ட வருசம். மாமா உள்ளுக்கு வராமல் யன்னலுக்கால பெயின்ற் வாளியைக் காட்டினவர்."

அவர் சிரித்தார். இன்னும் சுரண்டினார். மஞ்சளுக்குக் கீழே சிவப்பு வந்தது, கோயில் கதவுக்கு அடிக்கிற மாதிரியான சிவப்பு. மாமாவைப் பார்த்தார், மாமா கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் பின்னாலிருந்து வந்தது. குசினியிலிருந்து அம்மா எப்போது வந்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

"அந்த வருசம் நீங்கள் உயிரோட இல்லையெண்டு ஆக்கள் வந்து சொல்லிச்சினம். வீட்டில எல்லாரும் குழறினம். இவன் ஒரு கதையும் கதைக்காமல் போய்ப் பெயின்ற் வாங்கிக்கொண்டு வந்து காருக்கு அடிச்சவன்."

அப்பா அந்தச் சிவப்பின் மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு அழுதார். நான் பார்க்க அழுதார். பிறகு மாமாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தி, கத்தியை அவரிடமே கொடுத்தார். "இன்னும் இருக்குது மச்சான், சுரண்டு. ஒவ்வொண்டாச் சொல்லு."

பொழுது சாயும்வரை கதை நடந்தது. ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு சதக்குற்றிக் காசின் அளவுக்குத்தான் சுரண்டினார்கள். இரும்பு தெரிந்ததும் நிறுத்தி, கிறீஸ் தடவிப் பூட்டினார்கள். அந்தச் சின்ன வட்டங்களுக்குள்ளால் அப்பா தான் இல்லாத வருடங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்: என் முதல் பல் விழுந்தது, அப்பம்மா செத்தது, வள்ளம் கவிழ்ந்து மாமா நீந்திக் கரைசேர்ந்தது. நடுநடுவே என்னைக் கேட்டார், நான் சொன்னேன். பின்னேரம் மங்கும் வேளையில், எல்லா விளக்குகளும் எரிய, அம்மாவின் மடியில் நானும் மாமா பின்னால் தொற்றிக்கொண்டுமாக உட்துறைமுகம் வரை போய்வந்தோம். சாவடியில் நின்ற சிப்பாய் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோனை ஒருதரம் அடிக்கச் சொல்லிக் கேட்டான். அது முழுக்குரலில் கத்தியது.

அந்தக் கார் இப்போது இல்லை. போர் கொண்டுபோகவில்லை, கடல் கொண்டுபோகவில்லை, யாருக்கும் விற்கவும் இல்லை. அடுத்த வாடை முடிந்து வள்ளத்துக்குப் பெயின்ற் அடித்தபோது, "காருக்கு?" என்று நான் மாமாவிடம் கேட்டேன். "இனியென்னத்துக்கு? ஆள்தான் வந்திட்டாரே" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் அதற்குப் பெயின்ற் அடிக்கவில்லை. உப்பு வந்தது, மான்கள் வந்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு போனது, தரை போனது, கடைசியில் கொட்டிலில் ஒரு பழுப்புக் குவியல் மட்டும் இருந்தது. அது அழிந்ததற்காக எங்கள் வீட்டில் யாரும் வருந்தியதாக எனக்கு ஞாபகமில்லை. கொட்டிலும் இன்று இல்லை, மாமாவும் இல்லை. அந்த இடத்தில் வாழை நிற்கிறது.

அப்பா இருக்கிறார். என்னோடுதான் இருக்கிறார். இப்போதும் அதிகம் பேசமாட்டார்; கண்ணிலும் பார்வை குறைந்துவிட்டது. பொழுதுபட்டால் சுவரைத் தடவிக்கொண்டு வந்து வாசல் விளக்கின் சுவிச்சைப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் என்னைக் கேட்பார்: "பிள்ளை, எரியுதா?"

நான் உடனே பதில் சொல்வதில்லை. அவர் இன்னொருதரம் கேட்பதற்காகக் கொஞ்சம் பொறுத்திருந்துதான், "எரியுது அப்பா" என்பேன்.