மகனை நான் இளைக்க வைத்த விதம்

என் மகன் பிரவீனின் கையை உடைத்தவள் நான்தான். அவன் படியில் வழுக்கி விழவில்லை. களி கிண்டும் துடுப்பால் நான் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் என் காதில் விழுந்தது... அதற்குப் பிறகும் ஒருமுறை ஓங்கினேன்!

என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் தரம் பிரிக்கும் கிடங்கு ஒன்றில் எனக்கு வேலை. கணவருக்கு மாநகராட்சியில். களைத்து வீடு திரும்பும் எனக்குப் பாக்கெட் உணவு வரமாக இருந்தது. காலையில் பிரெட்டும் ஜாமும், மாலையில் சிப்ஸ், இரவில் நூடுல்ஸ். சூப்பர் மார்க்கெட்டிலிருந்து சுமந்து வந்து அவன் நாக்கைப் பழக்கியது யார்? நான்! அதை மறந்துவிடாதீர்கள்.

பதினோரு வயதில் அவன் ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். "பிள்ளைக்கு என்னதான் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

அன்றே அலமாரியைக் காலி செய்தேன். கேழ்வரகு, வரகு, கைக்குத்தல் அரிசி, முருங்கைக்கீரை, மத்திக் குழம்பு... நல்ல உணவு. இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் அதைப் பரிமாறவில்லை, திணித்தேன். துப்பினால் தாடையை அழுத்திப் பிடித்து மறுபடி ஊட்டினேன். விழுங்கிவிட்டானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அவன் கண்களில் நீர் வழியும். என் நெஞ்சு இளகியதா? இல்லை... இன்னும் இறுகியது.

ஒரு மாலை, தெருமுனையில், அக்கா முறையில் நாங்கள் இத்தா என்றழைக்கும் ஜமீலா இத்தாவின் பெட்டிக்கடை வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். வாய் நிறைய மிக்சர். நான் ஓடிச்சென்று அவன் தலைமயிரைப் பற்றினேன். இத்தா பதறி வெளியே வந்தார்.

"பசிக்குதுன்னு வந்து நின்னான் மோளே! நான்தான் சும்மா கொடுத்தேன். குட்டியைத் தல்லாதே!" என்று, பிள்ளையை அடிக்க வேண்டாமென மலையாளம் கலந்து கெஞ்சினார்.

அவர் கடையில் மிக்சர் வைத்திருந்த கண்ணாடிப் பரணியைத் தூக்கித் தரையில் அடித்தேன். சில்லு தெறித்து அவர் பாதத்தில் இரத்தம் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மகனை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"துப்புடா!" என்று கத்தினேன்.

"முழுங்கிட்டேன்மா..."

அவ்வளவுதான் அவன் சொன்னது. துடுப்பு கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. முதுகில், தொடையில், தடுக்க உயர்த்திய கையில்... எதற்காக அடித்தேன்? ஒரு பிடி மிக்சருக்காகவா? அந்த மருத்துவரின் கேள்விக்கு நான் சொல்ல முடியாமல் போன பதிலைப் பிள்ளையின் உடம்பில் எழுதினேனா?

மருத்துவமனையில் எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கும் முன் அவனே சொன்னான்.

"படியில வழுக்கிட்டேன், டாக்டர்."

யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை! நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் அடியைவிடக் கொடியது என்று இப்போது தோன்றுகிறது.

பிரவீன் இளைத்தான். ஈரல் சரியாகிவிட்டதாக மருத்துவர் பாராட்டினார். எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். "அன்பாகச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்" என்றேன். ஆம், அப்படியே சொன்னேன்! கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஜமீலா இத்தா எழுந்து வெளியே போனார். முன்வரிசையில் இருந்த என் மகனும் கைதட்டினான்... அவன் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அடிக்காமல் இருந்திருந்தால் அவன் குணமாகியிருப்பானா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குள் எத்தனையோ நாள் ஒளிந்து பார்த்துவிட்டேன். அது என்னை மறைக்கவில்லை.

இப்போது அவனுக்குப் பதினைந்து வயது. சென்ற மாதம் பள்ளுருத்தியில் உறவினர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் அவன் இலையில் ஜாங்கிரி வைத்தார்கள். அவன் என்னைப் பார்த்தான்.

"அம்மா, சாப்பிடட்டுமா?"

"என்ன ஒரு அடக்கமான பிள்ளை!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"சாப்பிடு கண்ணா. இன்னொண்ணுகூட வாங்கிக்கோ."

சாப்பிட்டான். பிறகு எழுந்து போனான். வெகுநேரம் காணவில்லை. தேடிப் போனேன். மண்டபத்தின் பின்புறச் சாக்கடை ஓரம் குனிந்து நின்றிருந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தான்.

"எல்லாத்தையும் வெளியே எடுத்துட்டேன்மா" என்றான்.

நான் மகிழ்வேன் என்று நினைத்திருக்கிறான்!

அவன் தலையைத் தடவக் கையை உயர்த்தினேன். என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட பிள்ளை... கண்களை இறுக மூடிக்கொண்டு, அடிக்காகக் காத்து நின்றான்.