தார் மண்ணைத் திரும்பச் சுமந்த செல்வம்மாள்

ஷாதிபூர் செல்வம்மாளுக்குப் பிறந்த ஊர் வேம்பார். படகுப் பலகை இடுக்கில் பஞ்சு திணித்துத் தார் பூசும் இருதயநாதனைக் கட்டிக்கொண்டு, ஐம்பத்தாறில் கப்பலேறி அந்தமானுக்கு வந்தாள். அவனுடைய பெரியம்மா மகன் ஒருத்தன் போர்ட் பிளேரில் இருந்தான். அவனை நம்பித்தான் வந்தார்கள். இவர்கள் இறங்கின வாரமே அவன் மாயாபந்தருக்கு மாற்றலாகிப் போனது தனிக்கதை.

ஷாதிபூரில் அவர்கள் குடியேறிய தெருவுக்கு மேலே, மேட்டில் ஒரு மரப்பட்டறை. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளைத் தார் எண்ணெயில் முக்கி எடுத்த இடம். கான்ட்ராக்டர் மூடிவிட்டுப் போனான், எண்ணெய் போகவில்லை. தொட்டிகளைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு மண் கறுத்து ஊறிக் கிடந்தது. புல் முளைக்காது. ஆடுகூட அந்தப் பக்கம் மூக்கை நீட்டாது.

பள்ளிக்கூடமோ மேடு ஏறி இறங்கி இரண்டு மைல். தாசில்தார் ஒருநாள் தெருவுக்கு வந்தபோது, செல்வம்மாள் முன்னால் போய் நின்று அந்தப் பட்டறை இடத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டே இந்தியில் சொன்னார்: மே மாச மழைக்கு முன்னால் சுத்தம் பண்ணிக் காட்டு, தருகிறேன். இல்லையென்றால் அங்கே குடோன்தான்.

"காட்டுறேன் சாப்!" என்றாள். தெருவே கேட்டது. இனி பின்வாங்க முடியுமா?

இருதயநாதனுக்குத் தாரின் குணம் தெரியும். மரத்தூளைக் கொட்டி வெயிலில் விட்டால் எண்ணெயை உறிஞ்சிக் கட்டியாகிவிடும். கட்டியையும் கறுப்பு மண்ணையும் வெட்டி, பாய்லர் இருந்த செங்கல் குழியில் களிமண் பூசி, அதற்குள் போட்டு மூடிவிடுவதென்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இவர்கள் வருவார்கள். பெங்காலி, தெலுங்கு வீடுகளிலிருந்தும் மண்வெட்டியோடு வந்தார்கள். வேலை முடிந்ததும் எல்லாரும் தேங்காயெண்ணெய் தேய்த்துக் கையைக் கழுவினால், தெரு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணக்கும்.

ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், வெட்டிக் குவித்த மண்ணில் பாதியைக் காணோம்.

"மாதாவே! பேயா வந்து அள்ளிட்டுப் போச்சு?"

"பேயுமில்ல, பிசாசுமில்ல. கரையான்" என்று சிரித்தான் இருதயநாதன். மர வீடுகளில் தூணைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது. தார் மண்ணைத் தூணடியில் போட்டால் கரையான் அண்டாதென்று ஆளாளுக்குக் கூடை கூடையாய்க் கொண்டுபோயிருந்தார்கள். வேலை குறைந்ததே என்று செல்வம்மாளுக்கும் சந்தோஷம். தன் வீட்டுக்கும் இரண்டு கூடை போட்டுக்கொண்டாள்.

ஏப்ரலில் ஒரு கோடை மழை கொட்டியது. மறுநாள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் தார் வாடை. கிணற்றுக்கு மேட்டில்தான் ருக்கு வீடு; அவள் தூணடியில் போட்ட தார் மண் மழையில் கரைந்து கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. அவள் புருஷன் சொக்கலிங்கம் பொதுப்பணித்துறையில் கிளார்க்கு. செல்வம்மாள் ஓடினாள்.

"ருக்கு, அந்த மண்ணை அள்ளித் தந்துரு, தாயீ. கிணறு கெட்டுப் போச்சு."

"போங்கக்கா. இப்பத்தான் மூணு வாரமா கரையான் அரிக்காம கதவு கதவா இருக்கு. உங்க வீட்டு மண்ணை அள்ளிட்டீங்களா?"

செல்வம்மாளுக்கு முகம் செத்துப் போயிற்று. வீட்டுக்குப் போய்த் தூணடியைத் தோண்டினாள். உச்சி வெயிலில் தெரு நடுவே கூடையைத் தலையில் வைத்து, குழிக்குச் சுமந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தரும் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே கிணற்றுத் தண்ணீரில் இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பானை டீ காய்ச்சினாள். தெருவையே கூப்பிட்டாள். முதல் கிளாஸ் சொக்கலிங்கத்துக்கு. ஒரு வாய் உறிஞ்சியவர் தூவென்று துப்பினார்.

"என்னம்மா இது, டீயா, படகா?"

"நம்ம கிணத்துத் தண்ணிதான் அண்ணாச்சி. இஞ்சி போட்டும் போகல பாருங்க. நாளைக்குப் புள்ளைங்க குடிக்கப் போறதும் இதுதான்."

கூட்டம் சிரித்தது. ஆனால் கிளாஸை எல்லாரும் கீழே வைத்துவிட்டார்கள். சொக்கலிங்கம் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். "ருக்கு, மண்வெட்டி எங்கே?"

அன்று மாலைக்குள் கூடைகள் வரிசையாய் மேடேறின. கரையானுக்கு இருதயநாதன் வேறு வழி பண்ணினான்: தூண்களைத் தூக்கி அடியில் கருங்கல் கொடுத்தான். கிணற்றை மூன்று தடவை இறைத்தார்கள்.

மே முதல் வாரம் தாசில்தார் வந்தார். எங்கே தோண்டுவதென்று அவரே கைகாட்டினார், சரியாய்த் தொட்டி இருந்த மூலை. முழங்கால் ஆழம் தோண்டினார்கள். செம்மண். கொஞ்சம் எடுத்து முகர்ந்தார். "அச்சா" என்று ஜீப்பு மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மூங்கில் சுவர், தகரக் கூரையோடு பள்ளிக்கூடம் எழும்பியது. முதல் நாளே இருபத்தேழு பிள்ளைகள். மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றும் மூன்று பாஷையில் திட்டக் கற்றுக்கொண்டது. வாத்தியார் இராமகிருஷ்ணன் செல்வம்மாளிடம் வந்து முறையிட்டார்.

"திட்டட்டும் வாத்தியாரே" என்றாள் அவள். "நாம சுமந்து சுத்தம் பண்ணின மண்ணுல உக்காந்துதானே திட்டுதுங்க!"