வளைவம்மன்

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பிரிகிற சாலையில் ஒரு வளைவு இருக்கிறது. ஊராட்சியில் தூய்மைக் காவலராக வேலை பார்க்கும் கங்கம்மாவுக்கு உலகத்திலேயே பிடிக்காத இடம் அதுதான். விடியலில் அவள் வழித்து எடுத்தால், வெயில் ஏறுவதற்குள் மறுபடி நிறைந்துவிடும். பரோட்டா பார்சல், பிளாஸ்டிக் கப்பு, டயப்பர், கறிக்கடைக்காரர்கள் மூட்டை கட்டி வீசுகிற கோழிக்கழிவு. வண்டியை நிறுத்திப் போட்டாலாவது மனிதர் என்று சொல்லலாம். ஓடுகிற வண்டியிலிருந்து வீசிவிட்டுப் போகிறவர்களை என்னவென்று சொல்வது?

கோழிக்கழிவுக்கு நாய்கள் சேர்ந்தன. தை மாதம் ஒரு காலை, தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவள் மகள் பூமிகாவின் ஸ்கூட்டிக்குக் குறுக்கே, ஒரு பையை இழுத்துக்கொண்டு இரண்டு நாய்கள் பாய்ந்தன. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். அப்பன் இல்லாத பெண். கால் கூடியதும் அதே சாலையில்தான் மறுபடி போயாக வேண்டும், வேறு வழி கிடையாது. அதற்குள் அந்த வளைவைச் சுத்தமாக்கிவிடுவது என்று கங்கம்மா கங்கணம் கட்டிக்கொண்டாள்.

கெஞ்சிப் பார்த்தாள். காரிலிருந்து பை வீசப் போன ஒருவரிடம் ஓடிப்போய், "சார், என் பொண்ணு இங்கதான் உழுந்துச்சி சார், இங்க போடாதீங்க" என்றாள்.

"போடலேன்னா உனக்கு இன்னா வேலை இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, பையையும் போட்டுவிட்டு, அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஊராட்சியில் மன்றாடி ஒரு பலகை வாங்கி நட்டாள். மறுநாளே பலகையின் காலில் யாரோ குப்பைப் பையை முடிச்சுப் போட்டு மாட்டியிருந்தார்கள். படிக்கத் தெரியாதவர் செய்த வேலை இல்லை அது.

சித்திரையில் ஒரு விடியல். உடைந்து கிடந்த மதகிலிருந்து ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து வளைவில் நட்டாள். மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், சிவப்புத் துணி சுற்றினாள். பக்கத்தில் ஒரு கம்பியை ஊன்றி எலுமிச்சம்பழம் குத்தினாள். யாரும் பார்க்கவில்லை.

மந்திரம் போட்ட மாதிரி பலித்தது. பை வீசின கைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டன. நாய்கள் வேறு இடம் பார்த்துப் போயின. ஆனியில் பூமிகா வேலைக்குத் திரும்பினாள். ஸ்கூட்டி வளைவைத் தாண்டுகிறவரை துடைப்பத்தோடு நின்று பார்த்த கங்கம்மாவுக்கு வயிறு குளிர்ந்தது. ஊரையே ஏமாற்றிவிட்டோமே என்று சிரித்துக்கொள்ளவும் செய்தாள்.

அந்தச் சிரிப்பு ஆடி வரைக்கும்தான். யார் வைத்த பேரோ, கல்லுக்கு வளைவம்மன் என்று பேர் விழுந்துவிட்டது. கம்பெனி வேன்காரர்கள் கூழ் ஊற்றினார்கள். குடித்த கப்புகள் அங்கேயே கிடந்தன. பிறகு பொங்கல் இலை வந்தது, காய்ந்த மாலை வந்தது, வீட்டில் வைக்க முடியாத கண்ணாடி உடைந்த சாமி படங்கள் வந்தன. முன்பு திருட்டுத்தனமாகப் போட்டவர்கள் இப்போது கும்பிட்டுவிட்டுப் போட்டார்கள். எடுத்துக்கினு போங்க என்று அவள் சொன்னால், சாமி எடத்துல சண்டை போடாதே என்று அவள் வாயையே அடைத்தார்கள்.

ஆயுதபூஜை அன்று வேன் டிரைவர் ராஜமாணிக்கம் முன்னால் வர, அவனுக்குப் பின்னால் வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு டிரைவர் கையிலும் குங்குமம் கொட்டிய பூசணிக்காய். கங்கம்மா குறுக்கே போய் நின்றாள்.

"நைனா, உன் காலைப் புடிக்கிறேன், நடுரோட்ல ஒடைக்காத. காலைல புள்ளைங்க வண்டில வரும், வழுக்கும். ஓரமா ஒடை."

"ஓரமா வெச்சி நறுக்க இது இன்னா கூட்டு வெக்கிற காயாக்கா? நடுவுல ஒடைச்சாத்தான் திருஷ்டி கழியும்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. "அது சாமியே இல்ல நைனா! குப்பை போடக் கூடாதுன்னு நான் கொணாந்து நட்ட மதகுக் கல்லு!"

ராஜமாணிக்கம் கோபப்படவில்லை. கண் கலங்க, கல்லைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"உன் கையால நட வெச்சது யாருன்னு நெனைக்கிற? அவதான்கா."

பூசணிக்காய்கள் ஒவ்வொன்றாகச் சாலையில் சிதறின. வண்டிகள் போனதும் அவள் துடைப்பத்தை எடுத்தாள். பூ விற்க வந்த ஒருத்தி தடுத்தாள். "திருஷ்டி கழிச்சத அன்னிக்கே தொடுவாங்களா? வயசுப் பொண்ண ஊட்ல வெச்சிக்கினு?" பொண்ணு என்ற சொல் கேட்டதும் கங்கம்மாவின் கை தானாக விலகிவிட்டது. கல்லைத் தானே நட்டவள்தான், ஆனாலும் விலகிவிட்டது.

இரவெல்லாம் தூறல். "நான் பெருக்கினப்புறம் வா" என்று மகளிடம் சொல்லிவிட்டு, இருட்டு பிரியும்போதே அவள் ஓடினாள். பாதிச் சாலைதான் வழித்திருந்தாள். லேட்டானால் உள்ளே விடமாட்டார்கள் என்ற பயத்தில் பூமிகா வந்துவிட்டாள். ஸ்கூட்டி சறுக்கியது அம்மாவின் கண் எதிரில்தான். விழுந்ததும் அதே காலின்மேல்தான்.

அந்தப் பக்கம் வந்த ராஜமாணிக்கம்தான் தன் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினான். நல்லவன்தான் அவன், அதில் குறை சொல்ல முடியாது. இனி நின்று செய்கிற வேலை இந்தக் காலுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு பாடினார்கள். பின்னால் லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், வளைவம்மன்தான் உயிரோடு விட்டாள் என்று.

மறுநாள் விடியலில் கங்கம்மா கடப்பாரையோடு வளைவுக்குப் போனாள். மதகின் சிமெண்டு இன்னும் ஒட்டியிருந்த அந்தக் கல்லின் அடியில் கடப்பாரையைச் செருகினாள். அழுத்தினால் போதும், பெயர்ந்துவிடும். அழுத்த முடியவில்லை. மகளின் இன்னொரு காலுக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? அவள் கடப்பாரையைக் கீழே போட்டாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பிறகு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வெளிச்சம் வந்தபோது ராஜமாணிக்கத்தின் வேன் வந்து நின்றது. பூமிகா பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டானாம். நடுரோட்டில் ஒரு பூசணிக்காயை உடைத்துவிட்டு, கங்கம்மாவைப் பார்த்து ஆறுதலாகத் தலையாட்டிவிட்டுப் போனான்.