மார்டள்ளியில் பெய்யாத மழை

எனக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் ஒரு கொள்ளேகாலத்துக்காரன் நின்றான்.

தொண்ணூறுகளின் கடைசி. மைசூரில் ஒரு மிக்சிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி. ஒருவரைச் சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். போட்டியில் நாங்கள் இருவர். நான் இரவல் டை கட்டி பாஸ்போர்ட் போட்டோகூட எடுத்துவிட்டேன். அவன் எதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை. அதுவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுடைய ஸ்கூட்டர் முதல் உதையிலேயே கிளம்பும். கீபோர்டைப் பார்க்காமல் தட்டுவான். அவன் எடுத்திருந்த வகிடுகூட எனக்குப் பிடிக்காது.

என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் டெம்ப்ளேட். சி++ மொழியில் அது அப்போது எங்களுக்குப் புதுசு. எதை வைக்கப் போகிறோம் என்று சொல்லாமலே ஒரு பெட்டியை எழுதி வைத்துவிடலாம். உள்ளே போகிற பொருளின் வகைக்கு T என்று பெயர். அது எண்ணா, பெயரா, ஓர் ஆளின் பதிவு கம்ப்யூட்டர் நினைவகத்தில் இருக்கும் முகவரியா என்பதைப் பயன்படுத்தும்போது சொன்னால் போதும். தேடியது பெட்டியில் இல்லையென்றால்? சைபரைத் திருப்பிக் கொடு என்று எழுதினேன். முகவரி வைத்த பெட்டிகளில் அது ஜோராக ஓடியது. சைபர் என்ற முகவரியில் யாரும் குடியிருப்பதில்லை, அதனால் சைபர் வந்தால் ஆள் இல்லை என்றே அர்த்தம். முதலாளி தோளைத் தட்டினார். கொள்ளேகாலத்துக்காரன் மட்டும் என் திரையை எட்டிப் பார்த்து, "ஏனுங், T எண்ணா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

பொறாமையில் கேட்கிறான் என்று முடிவு செய்தேன். பொறாமையைப் பார்த்தால் எனக்குத் தெரியும், நெடுநாள் பழக்கம்.

பிறகு ஒரு சர்க்கரை ஆலைக்காக மழைக் கணக்கு வைக்கும் புரோகிராம் வந்தது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் காலையில் மழை அளவைப் போனில் சொல்வார்கள், நாங்கள் ஏற்றுவோம். என் பெட்டியையே அதற்கும் போட்டேன். ஆலையின் கரும்பு அதிகாரி பார்க்க வந்த அன்று, சிங்கப்பூரும் அன்றைக்கே முடிவாகும் என்று முதலாளி ஜாடை காட்டியிருந்தார். திரையில் குண்டலுபேட்டை 0 என்று வந்தது. அங்கே நிஜமாகவே வெயில். அடுத்து மார்டள்ளி, அதுவும் 0.

மார்டள்ளியில் ஒரு சொட்டு மழை இல்லை என்று கன்னடத்தில் அடித்துச் சொன்னேன். போதாதென்று, கரும்புக்கு உடனே தண்ணீர் பாய்ச்சச் சொல்லலாம் என்று ஆலோசனையும் கொடுத்தேன்.

அதிகாரி தன் காலைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். ஷூவெல்லாம் சேறு. மனிதர் மார்டள்ளியிலிருந்து நேராக ஜீப்பில் வந்திருக்கிறார். கொட்டின மழையில் அங்கே போன் லைன் அறுந்து, அன்றைய அளவு எங்களுக்கு வரவே இல்லை. வராத எண்ணைத் தேடிய என் பெட்டி, நான் சொல்லி வைத்தபடியே சைபரை நீட்டியிருக்கிறது.

"ஏன்ரீ, மழையே இல்லைன்னா அவர் பேண்ட் முழங்கால்வரைக்கும் ஏன் நனஞ்சிருக்கு, ஹேளி, சொல்லுங்க" என்றார் முதலாளி.

அப்போது எனக்கு ஊற்றிய வேர்வையை அளந்திருந்தால் மார்டள்ளியை மிஞ்சியிருக்கும். கரண்ட் போகாதா என்று மின்விசிறியைப் பார்த்தேன். தினமும் போகிற கரண்ட் அன்று போகவில்லை. கடைசியில் நானே மானிட்டரை அணைத்துவிட்டு, கெட்டுப்போய்விட்டது என்றேன். கொள்ளேகாலத்துக்காரன் கையை நீட்டி மறுபடி போட்டான். மார்டள்ளி 0.

முதலாளி தன் வீட்டுச் சாப்பாட்டை எங்களுக்கு விட்டுவிட்டு, அதிகாரியை ஓட்டலுக்குச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார். எங்கள் ஆபீசில் சாப்பாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது காலி டப்பாவை மேஜையில் வைத்தால், மற்றவர்கள் ஆளுக்கொரு கரண்டி அதில் போட வேண்டும். டப்பாவே வைக்காதவர் ஓட்டலுக்குப் போகிறார் என்று அர்த்தம். வாடகை அறையில் தனியாகத் தங்கியிருந்த கொள்ளேகாலத்துக்காரன் தினமும் காலி டப்பாதான் கொண்டுவருவான். முதலாளி வீட்டுப் புளியோதரை வரைக்கும் அதில் விழும். என் உப்புமாவை எவனும் கேட்டதில்லை.

"காலி டப்பாவும் டப்பாவே இல்லாததும் ஒண்ணுங்களா? குண்டலுபேட்டை காலி டப்பா, மார்டள்ளி டப்பாவே வைக்கலைங்க. நீங்க ரெண்டையும் ஒரே ஆளாக்கிப் போட்டீங்க. அதான் ஓட்டல்ல தின்ன மார்டள்ளி பட்டினின்னு காட்டுது" என்றான் வாய் நிறையப் புளியோதரையோடு.

சாப்பிட்டுக்கொண்டே என் கீபோர்டில் ஒரு டப்பா எழுதினான். அதற்குள் ஒரு T, கூடவே 'இருக்கிறதா' என்று ஒரு குறி. முதலில் அதைக் கேட்க வேண்டும். கேட்காமல் உள்ளே கையை விட்டால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். T எண்ணானாலும் பெயரானாலும் முகவரியானாலும் இதே சட்டம். இனி என் பெட்டி வெறும் T-ஐக் கொடுக்காது, அந்த டப்பாவைத்தான் கொடுக்கும். அதிகாரி திரும்பி வந்தபோது குண்டலுபேட்டைக்கு நேரே 0, மார்டள்ளிக்கு நேரே 'தகவல் இல்லை'. அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலிலேயே என் விமானம் அவனை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.

இன்றைக்குப் பல மொழிகளில் T-க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, இது இல்லாமலும் போகலாம் என்று சொல்லிவிட முடிகிறது. அந்தக் கேள்விக்குறியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வகிடு தெரிகிறது. வயிறு இன்னும் எரிகிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவன் சிங்கப்பூர் போகும்போது டப்பாவை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போனான். மறுநாள் பழக்கதோஷத்தில் எல்லோரும் அதில் ஆளுக்கொரு கரண்டி போட்டார்கள். டப்பா இருக்கிறது, ஆள் இல்லை. இப்படி ஒன்று வரும் என்று அந்தப் புத்திசாலி யோசிக்கவே இல்லை. அந்த ஓட்டையை முதலில் கண்டுபிடித்தவன் நான். யாரிடமும் மூச்சு விடாமல், மற்றவர்களுக்கு நினைவு வரும்வரை தினமும் உட்கார்ந்து சாப்பிட்டேன். புளியோதரை, அவன் ருசித்துச் சாப்பிட்டதில் தப்பே இல்லை.