நான் திறந்து பார்த்த சிப்பிகள்

என் மனைவி போனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அது வேறு சிரிப்பு.

சந்தேகப்படுவது என் பிழைப்பு. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் வேலை பார்க்கிறேன். கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னருக்குக் காகிதங்கள் தயார்செய்து, கஸ்டம்ஸ்காரர் முன்னிலையில் சீலை உடைத்து, காகிதத்தில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று காட்ட வேண்டும். கப்பல்காரர்கள் கொடுக்கும் பில்லில் சரக்கின் பெயருக்கு முன்னால் ஒரு வாசகம் அச்சாகியிருக்கும். ‘உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது’ என்று அதற்கு அர்த்தம். முந்திரி இருப்பதாகச் சொல்லப்படுவது. தேக்கு இருப்பதாகச் சொல்லப்படுவது. சரக்கை அனுப்பியவர்கள் சொன்னார்கள், நாங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நானும் அலமாரி நிறையப் புத்தகம் வாசித்தவன். இவ்வளவு நேர்மையான ஒரு வாக்கியத்தை எதிலும் கண்டதில்லை. கல்யாணப் பத்திரிகை, தேர்தல் அறிக்கை, பல்பொடி டப்பா மூன்றிலும் இதை அச்சடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை.

அந்தச் சமயம் எங்கள் வீட்டிலேயே சீல் உடைக்காத பெட்டி ஒன்று இருந்தது. மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி. புளியங்கொட்டை அளவு. தவக்காலத்தில் ஒரு நாள் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும், தள்ளிப்போட வேண்டாம் என்றார். ஈஸ்டர் முடியட்டும் என்றாள். ஈஸ்டர் முடிந்ததும், மகள் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்து போகட்டும் என்றாள். மகள் வந்தாள், போனாள். பிறகு மாதா கோயில் திருவிழா முடியட்டும் என்றாள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். “இந்த டெஸ்டுக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் ஆள் பிடிச்சுக் கொடுக்கவங்கதான். விசாரிச்சுப் போவோம், அவசரப்படாத” என்றேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. என் சந்தேகம் அவளுக்கு வசதியாக இருந்தது. எனக்கு அதைவிட வசதி. பயந்திருக்கிறான் என்பதைக் காட்டிலும் எதையும் லேசில் நம்பமாட்டான் என்பது ஆண்பிள்ளைக்குக் கௌரவம் அல்லவா?

இந்த நிலையில்தான் அவள் சிரித்தாள். சிரித்ததோடு விட்டாலும் பரவாயில்லை. ஒரு நாள் காலையில் மீன் கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, போனிடம் “சரியாயிரும், சரியாயிரும்” என்று சொன்னாள். யாரைத் தேற்றுகிறாள்? எனக்கு ஜலதோஷம் பிடித்து ஒரு வாரம் கிடந்தபோதுகூட யாரும் அப்படித் தேற்றவில்லை.

துறைமுக வாசல் டீக்கடையில், என்னோடு ஒரே மேஜையில் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கும் நண்பரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“பொம்பளையாளு போனப் பாத்துத் தன்னால சிரிச்சா என்னவே அர்த்தம்?”

“யாரு வீட்ல?”

“பொதுவாக் கேக்கேன்.”

“பொதுவான்னா, மாப்பிள்ளையோட பழைய போட்டோவப் பாத்திருக்கும்” என்றார் அவர். “உம்ம கல்யாண போட்டோவ நான் பாத்திருக்கேன்வே. நானும் சிரிச்சேன்.”

மகளுக்குப் போன் போட்டேன்.

“அப்பா, அது கேம்ப்பா. லீவுக்கு வந்தப்ப நான்தான் போட்டுக் கொடுத்தேன்.”

“யாரச் சுடணும்?”

“யாரையும் சுட வேண்டாம். வருங்காலத்துல ஒரு கடற்கரை. கடல் செத்துப் போச்சு. தண்ணியெல்லாம் சகதி. அதக் கொஞ்சம் கொஞ்சமா உயிரோட கொண்டு வரணும்.”

“அப்ப எப்படி ஜெயிக்கது?”

“ஜெயிக்கிறதெல்லாம் இல்லப்பா. இன்னைக்கு நட்டது நாளைக்கு வளந்திருக்கும். அவ்வளவுதான்.”

“இதுக்குப் பின்னால யாரு இருக்கா?”

மகள் போனை வைத்துவிட்டாள்.

எனக்குச் சந்தேகம் கூடியது. ரத்தம் தெறிக்கும் விளையாட்டு என்றால் புரிந்துகொள்ளலாம். அதில் ஒளிவுமறைவு இல்லை. வருங்காலம் நன்றாக இருக்கும் என்று ஒரு விளையாட்டு வந்து சொன்னால் அதற்கு ஏதோ உள்நோக்கம் இருக்க வேண்டும். நல்ல செய்தியோடு கதவைத் தட்டியவர்கள் யாரும் எங்கள் தெருவில் சும்மா திரும்பிப் போனதில்லை. ஒரு மிக்ஸியையோ ஒரு மதத்தையோ விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அதிலும் கடலைப் பற்றி எங்களுக்கே சொல்கிறார்கள். எங்கள் மாடியில் நின்று வருங்காலம் இருக்கும் திசையில் பார்த்தால் இரண்டு புகைபோக்கியும் ஒரு நிலக்கரிக் குன்றும் தெரியும்.

அவள் தோளுக்குப் பின்னால் நின்று சில நாள் பார்த்தேன். சகதி நிறக் கடல். அடியில் ஒரு பாறைத் திட்டு. அதில் அவள் சிப்பி விதைத்திருந்தாள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை திறந்து, மேலே படிந்த பாசியை விரலால் தள்ளிவிடுவாள். வேறொன்றும் செய்ய முடியாது. அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் நாளுக்கு நாள் ஒரு நூல் தெளியும். அதைப் பார்த்துத்தான் அந்தச் சிரிப்பு.

திருவிழா முடிந்தது. சப்பரம் தெருச்சுற்றி வந்தது. இனி மழைக்காலம் முடியட்டும் என்றாள். நான் தலையாட்டினேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் இரண்டாம் பூசைக்குப் போயிருந்தாள். ஒருமுறை பிரசங்கத்தின் நடுவே அவள் போன் சினிமாப் பாட்டுப் பாடியதிலிருந்து அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள். மேஜைமேல் கிடந்தது. பரிசோதனை அதிகாரி இல்லாத நேரத்தில் சீலை உடைப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். உடைத்தேன்.

தண்ணீர் அன்று கண்ணாடிபோல் இருந்தது. திட்டு முழுக்கச் சிப்பி, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒன்றைத் தொட்டேன். இரண்டு கட்டங்கள் வந்தன. ஒன்று ‘விட்டுவிடு’. இன்னொன்று ‘திறந்து பார்’.

இந்த இடத்தில் என் பரம்பரையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் தாத்தாவின் அண்ணன் முத்துக் குளித்தவர். அந்தக் காலத்தில் எந்தப் பாரில், அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டில், குளிப்பு வைப்பது என்று முடிவு செய்யும் முன்னால், மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பியை அள்ளி வந்து, கரையில் திறந்து, முத்து இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்களாம். அவர் மூச்சடக்கிய பெருமையை எங்கள் வீட்டில் இன்னும் பேசுகிறார்கள். வீட்டில் ஒரு முத்தும் இல்லை. பெருமை மட்டும்தான் மிச்சம். சிப்பி என்றால் திறக்க வேண்டியது என்பது எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம்.

மாதிரிக்கு ஒன்றைத் திறந்தேன். முத்து இல்லை. ஒரு கன்டெய்னரில் முதல் பெட்டியைப் பார்த்துவிட்டு மீதியை விடுபவன் என் தொழிலில் நிலைக்கமாட்டான். பத்துத் திறந்தேன். கள்ளச் சரக்கை எப்போதும் கடைசி வரிசையில்தான் வைப்பார்கள். கடைசி வரிசைக்குப் போனேன். போகும் வழியில் இருந்ததையெல்லாம் திறந்தேன். மொத்தப் பாரும் வாயைப் பிளந்து கிடந்தபோதுதான் தண்ணீரைக் கவனித்தேன். தேயிலைச் சக்கை நிறத்துக்கு வந்திருந்தது. தூரத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரே மீன் என் பக்கம் வந்து, நின்று, திரும்பிப் போய்விட்டது.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் செய்வதுபோல் அணைத்துப் போட்டேன். சகதி அப்படியே இருந்தது.

அவள் ஆட்டுக்கறிப் பையோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“என்ன பண்ணுனிய?”

“சும்மா பாத்தேன்.”

“எத்தனையத் திறந்திய?”

“எல்லாத்தையும்.”

“எல்லாத்தையுமா? ஒண்ணுல இல்லன்னா விட வேண்டியதுதான?”

“அப்படி விட முடியாதுளா. முன்னால நல்ல சரக்க வச்சிட்டுப் பின்னால...”

“இது என்ன கன்டெய்னரா? முத்துன்னா நெனச்சிய?” அவளுக்குக் குரல் ஏறியது. “உங்க குடும்பத்துக்கே சிப்பியக் கண்டா கை நிக்காது. இது தண்ணியச் சுத்தம் பண்ணுத சிப்பிங்க. உள்ள ஒண்ணும் கெடையாது. உசுரோட சும்மா இருந்தாப் போதும், அதான் அதுக்கு வேலை. நாப்பது நாளு. நாப்பது நாளா வளத்தேன்.”

தப்பு என்னுடையது என்று தெரிந்தால் எதிராளியின் தப்பைத் தேடும் நல்ல பழக்கம் எனக்கு உண்டு.

“நான் திறந்தது பெருசாத் தெரியுது. நீ திறக்க வேண்டியதத் திறக்காம ஆறு மாசமா வச்சிருக்கியே, அது?”

சொல்லிவிட்டேன். அவள் கை தன்னால் கழுத்துக்குப் போனது. அடுப்படியில் பூனை கறிப் பையை முகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் விரட்டவில்லை.

“ஏன் இந்த கேம விளையாடுதேன்னு பிள்ளைட்ட போன் போட்டுக் கேட்டியளாமே” என்றாள். “என்ட்ட கேட்டிருக்கலாம்லா? இந்த வீட்ல இது ஒண்ணுதான் நாளைக்கு நல்லாருக்கும்னு சொல்லுது. நீங்க சொல்லுதியளா?”

நான் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தால், டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான் அவளிடம் நாளையைப் பற்றிப் பேசியது பால்காரர் வரமாட்டார் என்பதற்காக மட்டும்தான்.

“போய் ஊசியக் குத்திக்கிட்டு வந்திருவோமே” என்றேன். மன்னிப்புக் கேட்பதுபோல்தான் அது வெளியே வந்தது.

அவள் பூனையை விரட்டினாள். கறியைச் சட்டியில் போட்டாள். பிறகு போனை என் கையில் திணித்தாள்.

“அப்ப இப்பிடிச் செய்வோம். நீங்க கெடுத்த பார நீங்களே விதைச்சு எடுக்கணும். நாப்பது நாளு. காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. நான் வந்து ஊசி குத்திக்கிடுதேன்.”

“எனக்கு அதுல நம்பிக்கையே இல்லயேளா.”

“எனக்கு மட்டும் ஊசி மேல நம்பிக்கையா?”

செவ்வாய்க்கிழமை போனோம். அவளை உள்ளே கூப்பிட்டார்கள். கம்மலையும் செயினையும் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, “பாசி படிஞ்சிருக்கும், தள்ளிவிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கடுகு அளவுச் சிப்பிகளின் மேலிருந்து பாசியைத் தள்ளினேன். எல்லாம் போன பிறகும் நாலைந்து தடவை தள்ளினேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்தார். ஆறுமுகநேரியிலிருந்து தங்கச்சியைக் கூட்டி வந்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, கேமா?”

“ஆமா.”

“யாரச் சுடணும்?”

“யாரையும் சுட வேண்டாம்.”

“பெறவு எப்படி ஜெயிக்க?”

“தெரியல” என்றேன். “நாப்பது நாள் ஆகும்னு சொல்லுதாவ.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் தினமும் பிறரைப் பார்ப்பது அது.

முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. ஒட்டிய கவர். இத்தனை வருஷம் சீல் உடைத்த கை அதைத் திறக்க மறுத்தது. வெளிப்பக்கத்தில் அவள் பெயரும் வயதும் சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை வாசித்தேன். அவள் பிடுங்கி, ஷாம்பு பாக்கெட்டைக் கிழிப்பதுபோல் பல்லால் கிழித்தாள். கெட்ட கட்டி இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும் என்று எழுதியிருந்தது.

அவள் ஜெபமாலையை எடுத்தாள். நான் காகிதத்தை வாங்கி முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் பார்த்தேன். கெட்டது உள்ளே இல்லை என்று சொல்லப்படுவது. “ஆறு மாசத்துக்கு அப்புறம் எதுக்கு வரச் சொல்லுதான்?” என்று கேட்டேன். “நாம இருப்போம்னு நெனச்சுத்தான்” என்றாள்.

விதைத்து இன்றோடு முப்பத்தெட்டு நாள். மகள் அதை என் போனுக்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறாள். டீக்கடையில் நண்பர், “போனப் பாத்து முறைக்கீரே, என்னவே?” என்று கேட்கிறார். சிப்பிகள் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டன. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் மற்றதைவிடப் பெரிதாக, கொஞ்சம் உப்பலாக இருக்கிறது. அதை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

“கை சும்மா இருக்கா?” என்று அடுப்படியிலிருந்து குரல் வருகிறது.

“இருக்கு.”

இன்று காலை தண்ணீர் தெளிந்து, முதல் மீன் வந்தது. எதற்காக வந்திருக்கிறது என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.